அறுபட்ட கடலாமைகள்

அவர் கோரிப்பாளையத்தில் படங்களுக்குச் சட்டம் போடுபவர். எந்தத் தாளைத் தொடும் முன்பும் கைகளைக் கழுவித் துடைத்துக்கொள்வார். அன்று, நூறாண்டுக்கு முந்தைய புத்தகத்திலிருந்து கடலாமைப் படங்களைப் பிளேடால் அறுத்துக்கொண்டிருந்தார். கையால் வண்ணம் தீட்டிய அழுங்காமைக்கு அடியில் இருந்த பெயரையும், வரைந்தவர் பெயரையும் நறுக்கி எறிந்தார்.

ஒரு படத்துக்குச் சட்டம் போடப் போயிருந்த எனக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, இம்புட்டுப் பழைய புத்தகத்த இப்படி அறுக்கலாமா?"

"ஓட்டல் ரூம்ல மாட்டப் போறாங்க, பேரு எதுக்கு சார்? எடைக்குப் போட்டவங்கள விட்டுட்டு என்னையக் கேக்குறீங்க" என்றவர், அட்டையைத் திருப்பிக் காட்டினார்.

எங்கள் கல்லூரி நூலக முத்திரை. அதன்மேல் 'கழிக்கப்பட்டது' என்ற குறிப்பு. கீழே, விலங்கியல் துறைத் தலைவராக நான் போட்ட கையெழுத்து. புத்தகத்தைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் போட்டது.

அவர் அடுத்த படத்தை அறுக்கத் தொடங்கினார். நான் யாரென்று தெரிந்துதான் காட்டினாரா என்பது இன்றுவரை எனக்குத் தெரியாது.