இன்னொரு பூனை

மூக்கண்டப்பள்ளியில் நான் தனியாகக் குடியிருந்த வீட்டு வாசலில், கம்பெனி பஸ்ஸில் அடிபட்டு என் பூனை செத்துப்போனது. ஆறு வருடம் என்னோடு இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து, நானேதான் அதைப் புதைத்தேன்.

மறுநாள் வீட்டுக்காரம்மா வந்தார். "போனது போகட்டும். இனிமே பூனை கீனை வேண்டாம். தனியா இருக்கற பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்?"

இன்னொன்றைப் புதைக்கும் தெம்பு இல்லாததால், நானும் வேண்டாமென்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் அதை முடிவு செய்ய அவர் யார் என்ற கோபம் மூன்று வாரமாகியும் ஆறவில்லை.

கம்பெனி கேன்டீனுக்குப் பின்னால் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. "அந்தக் காது கிழிஞ்சத மட்டும் யாரும் கேக்கல," என்றார் அங்கே சமைக்கும் அக்கா. அதையே கேட்டு வாங்கி, பையில் வைத்துக் கொண்டுவந்தேன்.

வாசலில் வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். "மறுபடியுமா?"

"ஆமாங்க. இது என்கூடத்தான் இருக்கும். ஆகாதுன்னா சொல்லுங்க, நாங்க ரெண்டு பேரும் வேற வீடு பாத்துக்கறோம்."

  அவர் என் பையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் வீட்டுக்குள் போய்விட்டார்.

என் வீட்டுக்குள் வந்து குட்டியை இறக்கிவிட்டேன். நேராகக் கட்டிலுக்கு அடியில் ஓடி ஒளிந்தது. இரண்டு நாள் என்னிடமும் வரவில்லை. வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டேன்.