மச்சானின் தொடையில் முளைத்த எலும்பு

போன ஞாயிற்றுக்கிழமை கெலிஓயா மைதானத்தில் என் மச்சான் ரவி ஒரு சிக்ஸர் அடித்தார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு சிக்ஸருக்கெல்லாம் யாராவது அழுவார்களா? நான் அழுதேன். காரணம் இருக்கிறது…

ரவி என் தங்கையின் கணவர். கண்டி மார்க்கெட் பக்கம் ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். ஆறு மாதத்துக்கு முன்னால் கடைக்காரர்கள் மேட்ச் ஒன்றில் பந்து தொடையில் பட்டு, சதை நீலம் பாரித்து வீங்கிவிட்டது.

நான் சும்மா இருப்பேனா? மடுல்கெல்லத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் விழுந்தாலும், ஆட்கள் வருவதற்கு முன் எண்ணெய்ப் போத்தல் வந்துவிடும். தினமும் கந்தோரில் வேலை விட்டதும் நேரே ரவி வீடு. எண்ணெயைச் சூடாக்கி ஊற்றி, பெருவிரலால் அழுத்தி அழுத்தி உருவுவேன்.

“ஐயோ மச்சான், உசுரு போகுது!”

“வலிக்கட்டும். வலிச்சாத்தான் ரத்தக்கட்டு கரையும்!”

இரண்டு கிழமை, பதினான்கு நாளும் இந்தத் திருப்பணி. கட்டு கரையவில்லை — நாளாக ஆகக் கல் மாதிரி இறுகியது. முழங்காலை மடக்கவே முடியவில்லை. தங்கை ஒருநாள் என்னைக் குசினிக்குள் அடுப்படிக்கு இழுத்து, “அண்ணே… இது புற்றுநோயா இருக்குமோ?” என்றாள். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

மூவரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் பார்த்த டொக்டர் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண். படத்தைக் காட்டிச் சிரித்தார்.

“பயப்பிடாதேங்கோ, புற்றுநோய் இல்லை. அடிபட்ட சதைக்குள்ள எலும்பு வளர்ந்திருக்கு. சிலருக்கு இப்பிடி வாறதுதான். ஒப்பரேஷன் ஒண்டும் வேண்டாம், மெல்ல மெல்லச் சரிவரும். அதுசரி… ஆரும் அமத்தித் தேய்ச்சவையோ? அப்பிடிச் செய்தால் இன்னும் கூடும்.”

நான் சுவரில் இருந்த காலண்டரை மிகக் கவனமாகப் படிக்கத் தொடங்கினேன்.

“இந்தா நிக்கிறாரே… இவருதாங்க டொக்டர்!” — காட்டிக்கொடுத்துவிட்டார் ரவி.

தங்கை அழுதுகொண்டே சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். அவ்வளவு சந்தோஷமான அடியை நான் வாழ்க்கையில் வாங்கியதில்லை. வெளியே வந்து மூவரும் பிளேன்டீ குடித்தோம், வடையும் சாப்பிட்டோம்.

பாசம் இருந்தால் போதும், உடனே கையை வைத்துவிடுகிறோம். சும்மா விடவேண்டியதைச் சும்மா விடுவதற்கு நமக்கு எவ்வளவு கஷ்டம்!

ரவி இப்போது காலை மடக்கி நன்றாகவே ஓடுகிறார். எண்ணெய்ப் போத்தல்தான் தங்கையின் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. நேற்று தலைக்கு வைக்கக் கொஞ்சம் கேட்டேன்.

“டொக்டர்கிட்ட மருந்துத் துண்டு எழுதி வாங்கிட்டு வாங்கண்ணே” என்றாள்.