சாயத் தண்ணீர், பதினேழு நொடி

எங்கள் தெருச் சாக்கடை என்ன நிறத்தில் ஓடுகிறது என்று நாங்கள் யாரும் பார்ப்பதில்லை. காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறார்கள். அலசிய தண்ணீர் ஒருநாள் பச்சையாக ஓடும், மறுநாள் நீலமாக. அன்றைக்கு அரக்குச் சிவப்பு. வீடியோ எடுத்தபோது அது என் கண்ணில் படவே இல்லை.

பன்னிரண்டு நாளாகக் குழாயில் தண்ணீர் வராமல், காலிக் குடங்களோடு பெண்கள் தெருமுனையில் உட்கார்ந்த நாள் அது. கைக்குழந்தையோடு வெயிலில் உட்கார எனக்குத் தைரியமில்லை. வீட்டுக்குள் இருக்கவும் கூச்சமாக இருந்தது. படித்தவள் இதையாவது செய்வோம் என்று, காலையிலேயே மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினேழு நொடி எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்து இழுத்ததில் படம் ஆடியது. ‘தண்ணீர் கேட்டு உட்கார்ந்திருக்கிறோம்’ என்று எழுதிப் பொதுவில் போட்டேன். நான் உட்காரவில்லையே, ‘இருக்கிறோம்’ என்று எழுதலாமா என்று வேறு ஒரு கவலை.

மத்தியானம் சோறு ஊட்டும்போது அதே வீடியோ வேலூரிலிருக்கும் நாத்தனாரிடமிருந்து எனக்கே வந்தது. நான் எழுதிய வரி இல்லை. ‘தடியடி. காஞ்சிபுரத்தில் ரத்தம் ஓடுகிறது’ என்றிருந்தது. யாரோ ஓடிக்கொண்டே எடுத்ததுபோல ஆடும் படம். ஓரத்தில் சிவப்பாகத் தண்ணீர். நடுவில் எதிர்வீட்டு அத்தை தலையைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். வெயிலுக்கு முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டார், அவ்வளவுதான்.

எங்கோ ஒரு நாட்டுப் போர், இடிந்த வீடு, புழுதியோடு தூக்கிவரும் குழந்தை என்று எத்தனை வீடியோக்களை அழுதுகொண்டே அனுப்பியிருக்கிறேன். உண்மையானவையும் இருந்திருக்கும். எது உண்மை என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை. என் பதிவை அவசரமாக நீக்கினேன். நீக்கினால் ஊரார் போனில் இருப்பது போய்விடுமா?

மூன்று மணிக்குப் போன் வந்தது. கோயம்புத்தூரில் விடுதியில் தங்கிப் படிக்கும் அத்தையின் மகள்.

“அக்கா, அம்மா எந்த ஆஸ்பத்திரியில இருக்காங்க? காலையிலேர்ந்து போனே எடுக்கல. நான் பஸ்ஸுல வந்துக்கினு இருக்கேன். சேலம் வரப்போவுது.”

“நாளைக்குப் பரீட்சைன்னாங்களே?”

“போனா போவுது விடுங்க.”

அத்தையின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்திருக்கிறது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைக்கு ஓடி, என் போனை அவர் கையில் கொடுத்தேன்.

“எனக்கு இன்னாடி? உக்காந்து உக்காந்து இடுப்புதான் போச்சு. ரத்தமா? சாயத் தண்ணிடி அது! இந்தத் தெருவுல பொறந்துட்டு உனக்கே தெரியலியா?”

ஸ்பீக்கரில் அழுகை கேட்டது. பெண்கள் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

“எவ எடுத்துப் போட்டான்னு தெரியல. பரிச்ச எழுத வேண்டிய பொண்ண பஸ்ஸுல ஏத்திட்டாளே.”

“போட்டவ கை நல்லா இருக்கட்டும்மா,” என்றார் பக்கத்திலிருந்தவர். “அதப் பாத்துட்டுதான் ஆபீசர் வந்துக்கினு இருக்காராம்.”

உண்மையைச் சொன்னால் அந்த அதிகாரி பாதி வழியில் திரும்பிவிடுவாரோ? சொல்லாவிட்டால், எந்த ஊரில் எந்தப் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்கிறதோ?

“நான்தான் அத்த. ரத்தம்னு நான் எழுதல. ஆனா எடுத்தது நான்.”

அத்தை போனை என்னிடம் நீட்டினார். “அவகிட்டயே சொல்லு.”

சொன்னேன். “சேலத்துல இறங்கித் திரும்பறேன்,” என்று வைத்துவிட்டாள்.

பிறகு சாக்கடை ஓரமாகப் போய், ஆடாமல் ஒன்று எடுத்தேன். இது சாயத் தண்ணீர், யாருக்கும் அடிபடவில்லை, குடிதண்ணீர்தான் இன்னும் வரவில்லை என்று போட்டேன். நாற்பது பேர்கூடப் பார்க்கவில்லை. ‘உங்களை யார் மிரட்டினார்கள் சகோதரி?’ என்று ஒருவர் கேட்டிருந்தார்.

அதிகாரி வந்தார். இருட்டும் நேரத்தில் தண்ணீர் லாரியும் வந்தது. விடுதிக்குப் போய்ச் சேர்ந்தாயா என்று அந்தப் பெண்ணுக்கு மூன்று முறை எழுதிவிட்டேன். படித்துவிட்டாள் என்று தெரிந்தது. பதில் இல்லை. கடைசியில் அத்தையிடமே கேட்டேன்.

“சேந்துட்டாளாம். படிக்கிறாளாம்,” என்றார், என் முகத்தைப் பார்க்காமல். “போய்க் குடத்த எடுத்தாம்மா. லாரிக்காரன் நமக்காக நிப்பானா?”