மீனம்மாள் இரண்டாம் முறை கேட்ட கேதம்

“இதெல்லாம் எப்பயிருந்து இருக்கு?”

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் டாக்டர் இலக்கியாவிடம் கேட்டார். பக்கத்து நாற்காலியில் அவள் அம்மா மீனம்மாள் ரவிக்கையைத் திருப்பிப் போட்டிருப்பதுகூடத் தெரியாமல், ஓடுகிற ஃபேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மீனம்மாளுக்கு ஐம்பத்தெட்டு வயது. அன்னவாசலுக்குப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைத்துக்கொண்டிருந்தவள். புருஷன் போன பிறகு ஒற்றை ஆளாக மகளைப் படிக்க வைத்தவள். ஊரில் எந்தச் சாவு விழுந்தாலும் கேதம் கேட்கப் போய்விடுவாள். பகையாளி வீடானாலும் வாசலிலேயே கொண்டையை அவிழ்த்துவிட்டு, உள்ளே இருப்பவளைக் கட்டிப்பிடித்து அழுதுவிட்டுத்தான் திரும்புவாள்.

போன வருடம் ஒருநாள் சாம்பாரில் இரண்டு தடவை உப்பைப் போட்டாள். தட்டைத் தள்ளிய பிள்ளையைக் கரண்டியால் அடித்தாள். இருபது வருடத்தில் ஒரு பிள்ளையையும் தொடாத கை அது. அப்புறம், தன் சேலையை மகள் திருடிவிட்டதாகத் தெருவெல்லாம் சொன்னாள். வயசாக ஆகக் கொழுப்பு ஏறுகிறது என்று நினைத்த இலக்கியா மூன்று நாள் அவளோடு பேசவில்லை.

தை மாதம் சேவுகன் இறந்தார். மீனம்மாளின் சிநேகிதி சின்னப்பிள்ளையின் புருஷன். அன்றைக்கு எல்லோரையும் விட அதிகம் அழுதவள் மீனம்மாள்தான்.

வைகாசியில் அதே வீட்டில் சின்னப்பிள்ளையின் மகளுக்கு வளைகாப்பு. இலக்கியா ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு வருவதற்குள் மீனம்மாள் வாசலில் கொண்டையை அவிழ்த்துவிட்டாள். வளையல் தட்டுகளைத் தாண்டிப் போய், ஓரமாக ஒதுங்கி நின்ற சின்னப்பிள்ளையைக் கட்டிக்கொண்டாள்.

“எப்புடித் தாயி போனாரு? முந்தாநாளு கூட நல்லாத்தான இருந்தாரு?”

சின்னப்பிள்ளை அவளைப் பிடித்துத் தள்ளினாள். “எம்மக வயித்துப் பிள்ளைக்குச் சாவு அழுவுறியா? ஒம்மகளுக்கு வரன் அமையலேங்கிற வயித்தெரிச்சலா?”

அந்த வார்த்தை இலக்கியாவுக்குச் சுருக்கென்று தைத்தது. அத்தனை பேர் முன்னால் அம்மாவின் கன்னத்தில் அறைந்தாள். வெளியே இழுத்து வந்தாள். மீனம்மாள் நின்ற இடத்தில் யாரோ சாணித் தண்ணீர் ஊற்றினார்கள். ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து வந்தவள் பாதி வழியில், “சாப்புடாம வந்துட்டமே” என்றாள்.

வளைகாப்பில் நடந்ததை ஒருவன் வீடியோ எடுத்திருந்தான். சாயங்காலத்துக்குள் சிரிக்கிற பொம்மைகளோடு ஊரின் எல்லா குரூப்பிலும் ஓடியது. மீனம்மாளைச் சத்துணவு வேலைக்கு வரவேண்டாம் என்றார்கள். நல்லது கெட்டது எதற்கும் யாரும் அழைக்கவில்லை. புரட்டாசியில் வழி தெரியாமல் சித்தன்னவாசல் ரோட்டில் நின்றவளை ஆட்டோக்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டார். அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரி.

இலக்கியா தட்டுத்தடுமாறிச் சொன்னதையெல்லாம் டாக்டர் கேட்டுக்கொண்டார். பரிசோதனை முடிந்ததும், “இது மறதி நோய். மறதி வெளிய தெரியறதுக்கு முன்னாடியே கொணம் மாறியிருக்கு. நீங்க அதத் திமிருன்னு நெனச்சிட்டீங்க” என்றார். போனதைத் திருப்பிக் கொண்டுவர மருந்து இல்லை என்றும் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் இலக்கியா அந்த வீடியோவை மறுபடி பார்த்தாள். பின்னால் வந்து எட்டிப் பார்த்த மீனம்மாளின் கை தானாகக் கொண்டைக்குப் போனது.

“யாரு வீட்டுக் கேதம் தாயி? நா இன்னும் போகலியே.” அறை விழும் சத்தத்தில் முகம் சுளித்தாள். “பாவம் அந்தப் பொம்பள. அடிக்கிறவ யாரு?”

இலக்கியா போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த வீடியோ நூற்றுக்கணக்கான போன்களுக்குப் போனது. படித்தவர்கள் இந்தக் கதையையும் அதே ஆட்களுக்கு அனுப்பி வையுங்கள். அவர்கள் வீட்டிலும் யாராவது இப்போதுதான் இரண்டு தடவை உப்புப் போட ஆரம்பித்திருக்கலாம்.