வெட்டிய படத்தின் மிச்சம்

அறந்தாங்கியில் ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், பாஸ்போர்ட் போட்டோ எல்லாம் செய்து தரும் சின்னக் கடை என்னுடையது. வெளிநாடு போகிறவர்கள் ஜாதகத்தைத் தவிர மற்ற எல்லாத் தாளையும் என்னிடம் நீட்டுவார்கள். அதனால் எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. யாருடைய படமும் என் கம்ப்யூட்டரில் தங்கக் கூடாது. ஒரு படத்தை வெட்டினால் புதுப் பெயரில் சேமிக்க மாட்டேன், பழையதன் மேலேயே சேமித்துவிடுவேன். பழசு ஒழிந்தது என்று ஒரு திருப்தி. பக்கத்துக் கடைக்காரர் ஊரார் ஆதார் அட்டையைத் திரை முழுக்க இறைத்து வைத்திருப்பதைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

கடைக்கு வந்துபோகும் ஒரு பெண் எனக்கு இரண்டு வருஷப் பழக்கம். கட்டுமாவடிப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். புருஷன் அடித்த அடியில் ஒரு காது சரியாகக் கேட்காமல் போனது. ஒருநாள் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். திருமயம் பக்கம் ஒரு ஹாஸ்டலில் சமையல் வேலை, மகள் அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு. இது எனக்கும் அவளுடைய வக்கீலம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும்.

குழந்தையைக் கண்ணில் காட்டவில்லை என்றால் போலீஸுக்குப் போவேன் என்று புருஷன் வக்கீலம்மா மூலம் சொல்லியனுப்பினான். ஒரு போட்டோ அனுப்பினால் போதும் என்றார் வக்கீலம்மா. இவள் போனில் இருந்தது ஒரே ஒரு நல்ல படம். பிள்ளை யூனிஃபார்மில் நிற்கிறது, வயிற்றுக்கு நேரே பள்ளிக்கூட அடையாள அட்டை தொங்குகிறது.

"கழுத்துக்குக் கீழ வெட்டிருங்கக்கா. காலர்கூடத் தெரியக் கூடாது" என்றாள்.

படத்தைத் திரையில் பெரிதாக்கி, ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சேமித்தேன். கம்ப்யூட்டரோடு வந்த வெட்டும் மென்பொருளிலேயே முகத்தை மட்டும் விட்டு மீதியை வெட்டி, வழக்கம்போல் அதே பெயரில் சேமித்தேன். அவளுக்கென்று புது மெயில் முகவரி தொடங்கி அதிலிருந்து அனுப்பினோம். புருஷனுக்கு மெயில் கிடையாது, அதனால் போய்ச் சேர்ந்தது அவன் தம்பிக்கு. தம்பி செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். பதில் வந்தால் பார்த்துச் சொல்லுங்கள் என்று பாஸ்வேர்டையும் என்னிடமே விட்டுப் போனாள்.

ஒன்பது நாள் கழித்து, காலையில் கடை திறந்து டீ குடித்துக்கொண்டே போனில் செய்தி பார்த்தேன். நான் பயன்படுத்தும் அதே மென்பொருளில் ஓட்டை என்று போட்டிருந்தது. ஒரு மணி நேரப் பாட்டு இருக்கும் கேசட்டில் பத்து நிமிஷப் பாட்டைப் பதிந்தால் மீதி ஐம்பது நிமிஷம் பழைய பாட்டு அப்படியே இருக்குமே, அந்தக் கதைதான். வெட்டிய படத்தைப் பழையதன் மேலேயே சேமித்தால், பழைய படத்தின் அடிப்பகுதி கோப்பின் வாலில் கிடக்குமாம். வேறு பெயரில் சேமித்தவர்களுக்கு ஒன்றும் ஆகாதாம்.

அன்றைக்கு அனுப்பிய மெயிலைத் திறந்தேன். முகத்தளவு படம், ஆனால் கோப்பின் அளவு முழுப் படத்துக்கானது. அதை அன்றைக்கே பார்த்திருக்க வேண்டும். மீட்டெடுக்கும் நிரலும் இணையத்தில் கிடைத்தது. ஓட்டினேன். மேலே வெறும் கறுப்பு, நடுவில் கலங்கிய பட்டை, அதற்குக் கீழே அடையாள அட்டை. பள்ளிக்கூடத்தின் பெயரை எழுத்துக்கூட்டாமல் படிக்க முடிந்தது.

தம்பிக்காரனின் பதிலும் வந்திருந்தது, இரண்டு நாள் முன்னால்; நான்தான் பார்க்காமல் விட்டிருந்தேன். "நன்றி அண்ணி. போட்டோ கிடைச்சது." அந்த வீட்டில் யாரும் அவளுக்கு நன்றி சொன்னதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. அவனுக்குத் தெரிந்துவிட்டதா, தெரியவில்லையா? அந்த ஒரு வரியை எத்தனை தடவை படித்தாலும் பிடிபடவில்லை.

அவளைக் கூப்பிட்டேன். சமையல் நேரத்தில் போனை அணைத்துவிடுவாள். மறுபடி கூப்பிட்டேன். பிறகு ஒரு கெட்ட நினைப்பும் வந்தது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஒன்பது நாளாக யாரும் வரவில்லையே, சும்மா இருந்துவிட்டால் என்ன? பிள்ளைக்கு முழுப் பரீட்சை வருகிறது. அவளுக்கும் இப்போதுதான் ஒரு இடம் நிலைத்திருக்கிறது. என் மானமும் தப்பும். அப்புறம் அந்தக் காது ஞாபகம் வந்தது. ஷட்டரை இறக்கினேன்.

புதுக்கோட்டை போய் பஸ் மாறினேன். வழியெல்லாம் அந்த வீட்டு ஆட்கள் எனக்கு முந்தி அங்கே போய்விட்டது மாதிரியே இருந்தது. எதிரே போன ஒவ்வொரு காரையும் எட்டிப் பார்த்தேன்.

ஹாஸ்டல் சமையல்கட்டில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். நான் மென்பொருள், கேசட் என்று தொடங்கினேன்.

"அதெல்லாம் எனக்கு வேணாங்கக்கா. ஸ்கூல் பேரு தெரியுதா, இல்லையா?"

"தெரியுது."

கத்தியைக் கழுவி வைத்தாள். கோபப்படுவாள், கோபப்படட்டும் என்று காத்திருந்தேன். உள்ளே போனவள் பத்து நிமிஷத்தில் ஒரு பையோடு வந்தாள். பள்ளிக்கூட வாசலில் நானும் கூட நின்றேன், தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தபடி. பிள்ளை சாப்பாட்டுத் தட்டோடு ஓடிவந்தது. ஏன் என்று கேட்கவில்லை. அது கேட்காமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

பஸ் வந்தது. "எங்கிட்டு போறீங்க? எங்க அக்கா வீடு இருக்கு, நான் வேணா..." என்றேன்.

"இல்லக்கா." கேட்கிற காதை என் பக்கம் திருப்பினாள். "நீங்க நல்லவங்கதான். ஆனா இனிமே ஒங்ககிட்டயும் சொல்ல மாட்டேன். என்னைய வையாதீங்க."

முகத்தில் அறைந்தது மாதிரி இருந்தது. அவள் சொன்னது சரி என்பதும் அப்போதே தெரிந்தது. தலையை ஆட்டினேன்.

அவர்கள் ஏறிய பஸ்ஸின் பலகையைப் படிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே திரும்பி நின்றுகொண்டேன். அன்றிலிருந்து அவளுடைய நம்பர் அணைந்தே கிடக்கிறது. மாதம் ஒரு தடவை கூப்பிட்டுப் பார்க்கிறேன், எனக்கு எட்டினால் அந்த வீட்டுக்கும் எட்டுவாள், எடுத்துவிடக் கூடாதே என்ற பயத்தோடு.