பதினாலின் உறுதிப்பூசுதல்

பதினாலு தன் அம்மாவின் கட்டிலில் விரிப்பு மாற்றிக்கொண்டிருந்தாள். படுத்த படுக்கையாக இருக்கும் அம்மாவை நான் ஒருக்களித்த நிலையில் பிடித்திருந்தேன். பழையதைச் சுருட்டி எடுத்துப் புதியதன் மூலையை மெத்தைக்கு அடியில் செருக அவளுக்கு ஒரு நிமிடம் போதும். வீடுகளுக்குப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் நாற்பத்தைந்து வருடமாக விரிப்பு மடிப்பது அவள் வேலை.

பதினாலு என்ற பட்டப்பெயரும் அங்கே வந்ததுதான். அப்பா இறந்தபோது அவளுக்குப் பதினொரு வயது. பதினாலுக்குக் கீழே வேலைக்கு எடுக்க மாட்டார்கள் என்று அம்மா வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்துவிட்டாள். யார் வயது கேட்டாலும் மூன்று வருடம் "பதினாலு" என்றே சொன்னாள். பெயர் ஒட்டிக்கொண்டது.

அதே வருடம், ஞானஸ்நானம் பெற்ற பிள்ளைகளின் நெற்றியில் தைலம் பூசி உறுதிப்பூசுதல் கொடுக்க ஆயர் வந்தார். பன்னிரண்டு நிறைந்தால்தான் உறுதிப்பூசுதல் என்பது அந்தப் பங்குக் கோயிலின் வழக்கம். ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்த சாமியார் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார். அடுத்த தடவை ஆயர் வந்த நாளில் அவளுக்கு ஷிப்ட். கல்யாணம் செய்துகொள்ளாததால் பிறகு யாரும் உறுதிப்பூசுதல் சான்றிதழ் கேட்கவில்லை.

ஐம்பத்தாறு வயதில் கேட்டார்கள். தங்கை மகள் தன் குழந்தையின் ஞானஸ்நானத்தில் இவளை ஞானத்தாயாக நிற்கச் சொன்னாள். உறுதிப்பூசுதல் பெறாதவர் நிற்க முடியாது என்றார் பங்குச் சாமியார். அடுத்த மாதம் ஆயர் வருகிறார், அதுவரை ஞாயிறுதோறும் வகுப்புக்கு வரட்டும் என்றார். வகுப்பில் இருப்பவர்களுக்குப் பதின்மூன்று, பதினாலு வயது.

விரிப்பு மாற்றிய அந்தச் சனிக்கிழமை மாலை தங்கை மகளும் வந்திருந்தாள்.

"நாளைக்குப் போறீங்கல்ல, பெரியம்மா?"

"அந்தப் பிள்ளைங்க நடுவுல நான் போய் உக்காந்தா சிரிக்க மாட்டாங்களா? உன் நாத்தனாரையே நிக்கச் சொல்லு."

"அவங்க நேத்தே புடவை எடுத்துட்டாங்க. குழந்தை ஒரு மாசம் பொறுக்கும், நாத்தனார் பொறுக்க மாட்டாங்க. நீங்க வர்றீங்கன்னாதான் நான் அவங்ககிட்ட வாயத் திறக்க முடியும்."

பதினாலு தலையணை உறையை மாட்டினாள், கழற்றினாள், மறுபடியும் மாட்டினாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

கட்டிலிலிருந்து அம்மா கேட்டாள். "வயசு பத்தலைன்னு அன்னைக்கு அனுப்புனாங்க. வயசு கூடிப்போச்சுன்னு இன்னைக்கு யாராவது சொன்னாங்களா?"

"யாரும் சொல்லலை."

"அப்புறம் நீயா ஏன் சொல்றே? பொய் சொன்னது நான். அதைச் சாமியார்கிட்ட சொல்லிப் பாவசங்கீர்த்தனமும் பண்ணியாச்சு. நீ போய் உக்காரு."

பதினாலு என் பக்கம் திரும்பினாள். "வகுப்பு ஒன்பது மணிக்கு. அம்மாவுக்கு மருந்தும் ஒன்பதுக்குத்தானே?"

"எட்டரைக்கு வந்துடுறேன்," என்றேன்.

மறுநாள் காலை அவள் போனாள். படிவத்தில் வயது என்ற இடத்தில் ஐம்பத்தாறு என்று எழுதிக் கொடுத்தாள். பிள்ளைகளின் பெஞ்சு தாழ்வாக இருந்தது. மூட்டு மடங்காது என்று சொல்லி, ஒரு நாற்காலி கேட்டு வாங்கி முன்வரிசையில் போட்டு உட்கார்ந்தாள்.