றெஜினா அக்கா விட்ட மீன்கள்

"றெஜினா போயிட்டா, கோமதி" என்று அன்ரன் அண்ணன் தொலைபேசியில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஆற்றுக்குப் போய்விட்டார், அதுவும் என்னைக் கூப்பிடாமல் போய்விட்டார் என்று நினைத்தேன். சால்மன் பிடிக்கக் கூடாது என்று தடை போட்டிருக்கிற காலத்தில் இந்த மனுஷி எங்கே போய் நிற்கிறார், ரேஞ்சர் பிடித்தால் யார் பதில் சொல்வது என்று அவர் கணவரிடமே கேட்டும்விட்டேன். அண்ணன், அக்கா காலையில் அடுப்படியில் விழுந்ததையும், ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதையும் மெதுவாகச் சொன்னார். மனைவியின் சாவைச் சொல்ல அழைத்தவரிடம் நான் கேட்ட கேள்வி அது. அதற்கும் றெஜினா அக்காதான் காரணம். சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிவிடுவது அவருக்குப் பழக்கமாக இருந்தது.

நாங்கள் குடியேறிய பிளசன்டன் ஊர்த் தமிழர்களில் அவரை அறியாதவர்கள் குறைவு. யாழ்ப்பாணத்துக்காரர். மருந்து கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டு வேலை. ஞாயிற்றுக்கிழமை தேவாலயப் பாடல் குழுவில் மற்ற எல்லாக் குரலையும் மூடிவிடும் குரல். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் நானும் அவரும் ஒரே வகுப்பை மாறி மாறி எடுத்தோம். பள்ளி மலரில் அவர் பெயரை நான் 'ரெஜினா' என்று திருத்துவேன். அவர் அதை அடித்துவிட்டு 'றெஜினா' என்று எழுதுவார். தமிழில் எந்தச் சொல்லும் அந்த எழுத்தில் தொடங்காது என்று நான் இலக்கணம் பேசினால், "நான் தொடங்குவன்" என்பார். மலர் அச்சுக்குப் போகிற வரைக்கும் இந்த இழுபறி நடக்கும்.

எனக்கும் மீன் பிடிப்பதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. நான் கரூர்க்காரி. நான் வளர்ந்த காலத்தில் எங்கள் ஆற்றில் தண்ணீர் ஓடியதைவிட மணல் லாரி ஓடியதுதான் அதிகம். ஒரு முறை பேச்சுவாக்கில், கடையில் வாங்கும் சால்மனில் குழம்பு வைத்தால் சப்பென்று இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் விடிவதற்கு முன்பே என் வீட்டு வாசலில் வண்டி நின்றது. முழங்காலுக்கு மேல் வரும் ரப்பர் பூட்ஸ் ஒரு ஜோடி பின் சீட்டில் எனக்காகக் கிடந்தது. ஒரு சைஸ் பெரியது. ஃப்ரீவேயில் வடக்கே போகிற வழியெல்லாம் தேவாலயப் பாட்டு. சேக்ரமென்டோ ஆற்றங்கரையில் கொண்டுபோய் நிறுத்தி, கையில் ஒரு தூண்டில் கோலைக் கொடுத்தார்.

அந்த மீன்பிடிப்பில் ஒன்றுமே இல்லை போலத்தான் தோன்றும். பதப்படுத்திய மீன் சினையில் ஒரு சின்னக் கொத்தைக் கொக்கியில் மாட்டி, ஈயக் குண்டோடு ஆற்றின் மேல்பக்கமாக எறிய வேண்டும். நீரோட்டம் அதை இழுத்துக்கொண்டு போகும். ஈயம் அடியில் கிடக்கும் கற்களில் தட்டித் தட்டிப் போவது கைக்குத் தெரியும். அந்தத் தட்டல் எப்போது வேறு மாதிரி ஆகிறதோ அப்போது இழுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் எல்லாத் தட்டலும் எனக்கு மீனாகவே தெரிந்தது. அவர் தன் தூண்டிலைப் பார்க்காமல் என் தூண்டிலின் நுனியைப் பார்த்தபடி, "கல்லு... கல்லு... கல்லு, இழுக்காதேயும்" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அவர் 'கல்லு' என்று சொல்லாத ஒரு நொடியில் நான் இழுக்காமல் இருந்துவிடுவேன். அதற்கும் திட்டு விழும்.

சினையைப் பதப்படுத்துவது அவர் வீட்டு கராஜில். உப்பு, சர்க்கரை, வெண்காரம், ஒரு சிவப்புப் பொடி. நம் ஆட்கள் ஊறுகாய்க்கு எடுத்துக்கொள்ளும் அக்கறை அத்தனையும் அதில் இருக்கும். ஈரம் போதவில்லை, இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், மூடியை யார் திறந்தது என்று வீட்டையே ஆட்டிவைப்பார். கையுறை போட மாட்டார். பொங்கல் விழாவுக்குச் சிவந்த விரல்களோடு வந்து நின்றவரைப் பார்த்து, மருதாணி நன்றாகப் பிடித்திருக்கிறது என்று ஒரு ஆன்ட்டி பாராட்டினார். அக்கா நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். பக்கத்தில் நின்ற எனக்குத்தான் அந்த வாடை தெரியும்.

இவ்வளவையும் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது இனித்தான் வருகிறது. றெஜினா அக்கா பெண் மீனை வீட்டுக்குக் கொண்டுபோக விட மாட்டார். ஆண் சால்மனுக்குத் தாடை கொக்கி போல் வளைந்திருக்கும். பெண்ணுக்கு முகம் மழுங்கலாக இருக்கும், வயிறு நிறையச் சினை இருக்கும். வலைக்குள் அந்த மழுங்கல் முகத்தைப் பார்த்தாரோ, தண்ணீருக்குள் வைத்தே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுவார். சரி, கொள்கை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் இவருக்கு இரைக்கு வேண்டியது அதே சினைதான். அதற்கு என்ன செய்வார்? படகுத் துறையில் மீன் கழுவும் மேசைக்குப் போய், கையில் ஒரு ஜிப் பையோடு நின்று, முன்பின் தெரியாத ஆண்களிடம் சினை கேட்பார். கொடுத்தவர்களுக்கு நன்றிக்கடனாக, தான் பிடித்த ஆண் மீனைத் தூக்கிக் கொடுத்துவிடுவார். அந்தச் சினையைப் போட்டு அடுத்த ஆண் மீனைப் பிடிப்பார். அதையும் யாருக்காவது கொடுப்பார். இந்தச் சுற்றில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரு செதில்கூட வந்ததில்லை. அவர் மேசையருகே பை நீட்டி நிற்கிற நேரத்தில் நான் வண்டிக்குள் குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு அவர் சொன்ன பதில்களில் ஒன்றுக்கொன்று ஒத்துப்போனது எதுவும் இல்லை. ஒரு வெள்ளைக்காரரிடம், டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றார். பாதிரியாரிடம், நேர்த்திக்கடன் என்றார். நான் விடவில்லை. நீங்கள் பை நீட்டி வாங்குகிற சினையும் யாரோ கொன்ற பெண் மீனுடையதுதானே என்று கேட்டேன்.

"அதைக் கொன்றது அந்த ஆக்கள். நான் சும்மா கேட்டு வாங்கினனான்."

இதில் என்ன நியாயம் இருக்கிறது என்று மறுபடி கேட்டேன். "உமக்கு லொஜிக் வேணுமெண்டா ஒஃபிசுக்குப் போம். இது ஆறு" என்றார். இரை போட்டுப் பிடித்த மீன் கொக்கியை ஆழமாக விழுங்கியிருக்கும், விட்டாலும் பாதி செத்துப்போகும் என்று கரையில் நின்ற ஒருவர் ஒரு நாள் சொல்லிவைத்தார். இனியாவது திருந்துவார் என்று நினைத்தேன். அவர் அன்று மாலையே குறடை எடுத்து எல்லாக் கொக்கிகளிலும் மீன் நழுவாமல் பிடிக்கும் உள்முள்ளை நசுக்கிவிட்டார். அதன்பின் ஆண் மீன்களும் நழுவிப் போகத் தொடங்கின.

தடை வருவதற்கு முந்தைய பருவத்தின் கடைசி வார இறுதியை நான் மறக்க மாட்டேன். இந்த முறை மீனோடுதான் வருவேன் என்று வீட்டில் சவால் விட்டிருந்தேன். என் கணவர் மசாலா அரைத்து வைத்துவிட்டு இரண்டு குடும்பங்களைச் சாப்பிட அழைத்திருந்தார். மதியத்துக்கு மேல் அக்காவின் வாயிலிருந்து 'கல்லு' நின்றது. இழுத்தேன். தூண்டில் கோல் வில்லாக வளைந்தது. கை இரண்டும் விட்டுப்போகும் அளவுக்குப் போராடி, தொடை வரை தண்ணீருக்குள் இறங்கிக் கரைக்குக் கொண்டுவந்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய மீனை நான் தொட்டதில்லை. வலை அக்காவின் கையில் இருந்தது. முகம் மழுங்கல்.

"அக்கா, ப்ளீஸ்க்கா. இது என் மீனுக்கா. வீட்ல ஆளுங்கள கூப்பிட்டிருக்கேன்" என்றேன்.

"உம்மட மீன்தான்" என்றார். "ஆனா அவ தனிய வரேல்லை. விடும்."

நான் விடவில்லை. அவர்தான் விட்டார். கொக்கியைக் கழற்றி, நீரோட்டத்துக்கு எதிராக அதன் முகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு, அதற்குத் தெம்பு வருகிற வரை குனிந்தே நின்றார். அது வாலை ஒரு உதறு உதறியதில் என் முகமெல்லாம் தண்ணீர். அன்றிரவு விருந்தாளிகள் கடை சால்மனைச் சாப்பிட்டுவிட்டு, ஆற்று மீனின் ருசியே தனி என்று சொல்லிப் போனார்கள். என் கணவர் என் முகத்தைப் பார்க்காமல் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் நான் அவரோடு பேசவில்லை. பேசாமல் இருந்தது சரி என்றுதான் இன்றும் சொல்வேன். இதற்கிடையில் ஆற்றில் மீன் குறைந்துவிட்டது, இந்த வருடம் சால்மன் பிடிக்க அனுமதி இல்லை என்று அறிவிப்பு வந்தது. அடுத்த வருடமும் அப்படியே. ஒரு நாள் வாசலில் அக்கா நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருக்கிறார் என்று கதவைத் திறந்தேன். கராஜ் ஃப்ரிட்ஜ் கெட்டுவிட்டதாம், என் ஃப்ரீஸரில் இடம் இருக்கிறதா என்று கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் முருங்கைக்காய்ப் பாக்கெட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சிவப்புச் சினைப் பொட்டலங்களை உள்ளே அடுக்கினார். பிறகு உட்கார்ந்து தேநீர் குடித்தார். நாங்கள் சமாதானமானது அப்படித்தான். அந்தப் பெண் மீனைப் பற்றி இருவரும் பேசவில்லை. ஆறு திறக்கட்டும், அங்கே வைத்து நன்றாகக் கேட்டுவிடுகிறேன் என்று நான் பாக்கி வைத்திருந்தேன்.

அடக்கம் முடிந்து சில வாரங்கள் கழித்து அந்தப் பொட்டலங்களை எடுத்துப்போக அன்ரன் அண்ணன் வந்தார். ஃப்ரீஸர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். எறியவும் மனமில்லை, வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றும் தெரியவில்லை என்றார். வடக்கே பக்கத்து மாநிலமான ஓரிகனில் ஒரு ஆறு மீன்பிடிக்கத் திறந்திருந்தது. அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு இருவரும் போனோம். அண்ணன் இதுவரை தூண்டிலைத் தொட்டதில்லை. மடக்கு நாற்காலியில் வலையோடு உட்கார்ந்திருந்தார். அக்காவின் சினையைக் கொக்கியில் மாட்டி நான் எறிந்தேன். ஈயம் தட்டிக்கொண்டு போனது. கல்லு, கல்லு என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இரண்டாம் நாள் காலையில் ஒன்று மாட்டியது. அண்ணன் தடுமாறித் தண்ணீருக்குள் வந்து வலையைப் பிடித்தார். மழுங்கல் முகம்தான். நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார்.

"எடுப்பமே?" என்றார். "இப்ப ஏசுறதுக்கு ஆள் இல்லை."

எடுத்தோம். நண்பர்களே, ஒளிக்காமல் சொல்கிறேன், அந்த மீனை நான் விடவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, புளி கரைத்து, பூண்டு தட்டிப் போட்டுக் குழம்பு வைத்தேன். நன்றாகவே இருந்தது. அண்ணன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டார். அவரும்தான் எத்தனை வருடமாகக் காத்திருந்தார். சாப்பிட்டு முடித்து, கை கழுவப் போனவர் அங்கேயே நின்று அழுதார். நான் போய்த் தண்ணீர்க் குழாயை மூடினேன்.

அக்காவின் பொருள் எதையும் நான் கேட்டு வாங்கவில்லை. அந்தப் பெரிய பூட்ஸைக்கூடத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவரிடமிருந்து என்னிடம் இருப்பது எங்கள் சண்டை ஒன்றுதான். அதில் கடைசி வார்த்தை எனக்கு வேண்டும் என்று அத்தனை வருடம் மல்லுக்கு நின்றேன். இப்போது கிடைத்துவிட்டது, வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. அக்கா, அது பெண் மீன்தான். தெரிந்துதான் எடுத்தேன். வந்து ஏசுங்கள்.